பாற்செம்பும் பழிச்சொல்லும்

“இதுவும் தங்காதோ?”

இந்த ஒரு கேள்வியை எத்தனை தாய்மார்கள் கேட்டிருப்பர்! தொட்டிலின் ஓரத்திலே அமர்ந்து, எண்ணெய் குறைந்த விளக்கின் ஒளியிலே குழந்தையின் வயிற்றைத் தடவிப் பார்த்து, வாய்விட்டுக் கேட்க அஞ்சி, மனத்துக்குள்ளேயே கேட்டுக் கேட்டுக் குமைந்த தாய்மார்கள் எத்தனை ஆயிரம் பேர்!

விழுப்புரத்திலிருந்து புதுவைக்குச் செல்லும் வழியிலே வளவனூர் இருக்கிறது. 1879ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்துவிட்ட வழி அது. அந்த ஊரிலோ, அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ, எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்னே இருந்திருக்கக்கூடிய ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திக் கொள்வோம். பெயர் வேண்டாம். கற்பனை வீடுதான், ஆனால் தமிழகத்தின் ஊர்தோறும் இத்தகைய வீடுகள் இருந்தன. வறுமை வாட்டும் குடிசையன்று அது. கொல்லையிலே கறவை மாடு. கூடத்திலே தொட்டில். அடுக்களையிலே, புளியிட்டுத் துலக்கிப் பொன்போல் மின்னும் பித்தளைத் தவலை, குண்டான், பாற்செம்பு. தூய்மைக்குப் பேர்போன இல்லம். ஆயினும் அந்த வீட்டிலே குழந்தை தங்குவதில்லை!

ஓராண்டு வரையில் கொழுகொழுவென்றிருக்கும். பிறகு காரணமின்றிச் சிணுங்கும். உடம்பு இலேசாகக் காயும், இரண்டு நாளில் தணியும், மீண்டும் காயும். பசி மந்திக்கும். கை கால் மெலிய, வயிறு மட்டும் பருக்கும். வலப்புற விலாவுக்குக் கீழே விரலை வைத்தால், இலையின் விளிம்பு போலக் கூராகவும் கெட்டியாகவும் ஏதோ தட்டுப்படும். அப்புறம் கண் மஞ்சளிக்கும், கால் வீங்கும். நோய் வெளிப்படையாகத் தெரிந்த பிறகு ஓராண்டைக் கடந்த குழந்தைகள் குறைவு. அழுது ஓய்ந்து, மறு குழந்தை பிறந்து, அதுவும் தவழ்ந்து நடக்கத் தொடங்கும் வேளையில், அதே சிணுங்கல்! அதே காய்ச்சல்! அதே கட்டி!

குலைக்கட்டி என்றும், ஈரல் கட்டி என்றும் மக்கள் அதற்குப் பெயரிட்டிருந்தனர். பெயர் இருந்தது, காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாத இடத்திலே கதை குடியேறுவது உலக இயல்பு. இங்கேயும் குடியேறிற்று.

*

ஒருவர் சொன்னார், மாந்தம் என்று. மற்றொருவர் சொன்னார், கணைச்சூடு என்று. பறவை பறந்த நிழல் பட்டதால் வந்த தோஷம் என்றார் வேறொருவர். சாதகத்தை விரித்தவர், தாயின் கட்டத்திலே புத்திர தோஷம் என்றார். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், மேல்மலையனூர் அம்மனுக்கு நேர்ந்து கொண்டார்கள். கட்டியைக் கரைப்பதாகச் சொல்லி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பச்சிளம் வயிற்றிலே சூடு இழுத்த கொடுமையும் நடந்தது. நோயின் வேதனை போதாதென்று நெருப்பின் வேதனை!

குழந்தை தங்க வேண்டுமே என்று, பிறந்ததும் குப்பை மேட்டிலே கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிட்டார்கள். பிச்சை என்றார்கள், மண்ணாங்கட்டி என்றார்கள், மூக்குக் குத்தி மூக்கன் என்றார்கள். விலையற்ற பொருள் என்று எண்ணிக் கூற்றுவன் விட்டுவிடுவானாம்! நம் பாட்டன் பாட்டிமாரின் பெயர்ப் பட்டியலைப் படித்துப் பாருங்கள், தோழர்களே. அது பெயர்ப் பட்டியலன்று. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளின் கணக்கேடு. அந்தப் பெயர்களைக் கேட்டு நகைப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். அவற்றின் பின்னே நின்ற அச்சத்தை அறிபவனே பகுத்தறிவாளன்.

இத்தனைக்கும் இறுதியில் பழி வந்து விழுந்தது யார்மீது? தாய்மீது! ‘பிள்ளை தங்காதவள்’ என்றொரு பட்டம். மங்கல நிகழ்ச்சிகளில் அவளுக்கு முன்வரிசை இல்லை. மாமியார் முணுமுணுப்பு; அண்டை வீட்டார் ஏளனம்; கணவனுக்கு இன்னொரு பெண் பார்க்கலாமே என்ற பேச்சு. மகனை இழந்தவளுக்கு மறுமொழி சொல்லும் உரிமையும் இல்லை. குலைக்கட்டி குழந்தையைக் கொன்றது. கட்டுக்கதை தாயைக் கொன்றது.

*

மருத்துவ உலகம் வாளாவிருந்ததா? இல்லை. 1887ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் இந்நோயைப் பற்றி எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் அதே நகரைச் சேர்ந்த கிப்பன்ஸ் என்பவர், இறந்த குழந்தைகளின் ஈரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அது நாராகி இறுகிப்போயிருப்பதை விவரித்தார். நோயின் உருவம் தெரிந்துவிட்டது, வேர் தெரியவில்லை. வேர் தெரிய இன்னும் ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று!

விழுப்புரத்துச் சந்திப்பிலே இரயிலேறினால் எழும்பூர் வரும். எழும்பூர் நிலையத்துக்கு அருகிலேயே குழந்தைகள் மருத்துவமனை. தென்னாட்டுக் குழந்தை மருத்துவத்தின் முன்னோடியான எஸ்.டி. ஆச்சார் பணியாற்றிய இடம் அது. தாயத்தும் சூடும் கைவிட்ட பிறகு, மடியிலே மஞ்சள் பூத்த குழந்தையோடு அங்கே வந்து இறங்கிய தாய்மார்கள் பலர். ஆச்சாரும், பாலகோபால ராஜுவும், ஸ்ரீராமாச்சாரியும் இந்நோயை ஆராய்ந்து, 1960ஆம் ஆண்டில் உலக மருத்துவ ஏடு ஒன்றில் கட்டுரை எழுதினர். அதற்கு முன்னர், 1955இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஈரல் நோய்த் துணைக்குழு, தொற்றுக் காமாலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்து அறிக்கை தந்திருந்தது.

ஐயங்கள் பல எழுந்தன. கிருமியா? உணவிலே புரதக் குறைவா? தாயின் பாலிலே குற்றமா? உறவுக்குள் மணம் செய்வதால் இரத்தத்திலே வந்த குறையா? ஒவ்வொரு கருத்தும் சில காலம் அரியணை ஏறி, பிறகு இறங்கிற்று.

கணக்கெடுத்த மருத்துவர்களுக்கு ஒரு விந்தை புலப்பட்டது. நோய் எல்லோரையும் ஒன்றுபோலத் தாக்கவில்லை! நடுத்தர வகுப்பு இந்துக் குடும்பங்களில், அதிலும் மரக்கறி உண்போர் வீடுகளில் மிகுதி; முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களில் குறைவு. ஒரே வீட்டில் அண்ணனைத் தொடர்ந்து தம்பி. ஆனால் கடல் கடந்த நாடுகளிலே இந்நோய் பேசப்படவே இல்லை.

இதைக் கண்டதும் சிலர் ‘குலத்தின் குறை’ என்றனர். சாதகக்காரர் ‘தோஷம்’ என்றதற்கும், படித்தவர் ‘பரம்பரை’ என்று சொல்லி வாயை மூடிக்கொண்டதற்கும் வேறுபாடு எவ்வளவு? முன்னவர் கட்டத்தைக் காட்டினார். பின்னவர் கலைச்சொல்லைக் காட்டினார். பரம்பரை என்பது பொய்யென்று சொல்லவில்லை. அதற்கும் இதிலே பங்குண்டு; பின்னர் வருவோம். ஆனால் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தேடுதலை நிறுத்திவிட்டால், அந்தச் சொல்லும் ஒரு தாயத்துத்தான்!

*

திருப்பம் வந்தது 1978ஆம் ஆண்டில். ஈரலிலே செம்பைப் பற்றிக்கொண்டிருக்கும் புரதத்துக்கு நிறமேற்றிக் காட்டவல்ல சாயம் ஒன்று உண்டு. ஆர்சீன் என்பது அதன் பெயர். இந்தியக் குழந்தைகளின் ஈரல் துணுக்குகளுக்கு அச்சாயத்தை ஏற்றினர், போர்ட்மன், டானர் முதலிய ஆராய்ச்சியாளர். கண்ட இடமெல்லாம் செம்பின் அடையாளம்! மறு ஆண்டில் அளவும் எடுத்தார்கள். உலர்ந்த ஈரல் ஒரு கிராம் எடுத்தால், நலமுள்ள குழந்தையிடம் ஏறத்தாழ 50 மைக்ரோகிராமுக்குள்தான் செம்பு இருக்க வேண்டும். குலைக்கட்டி கண்ட குழந்தைகளிடமோ 1000 மைக்ரோகிராமையும் கடந்து காணப்பட்டது!

செம்பு! எங்கிருந்து வந்தது? பால்குடி மாறாத குழந்தை செம்பைத் தின்றதா?

இங்கேதான், தோழர்களே, வரலாற்றின் அரிய கட்டம் வருகிறது. புனே நகரத்து கே.இ.எம். மருத்துவமனையில் ஷீலா பவே, ஆனந்த் பண்டிட் என்னும் இரு குழந்தை மருத்துவர்கள், இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டானரோடு சேர்ந்து ஆராய்ந்தனர். அவர்கள் செய்தது என்ன? விலையுயர்ந்த பொறியையா கொண்டு வந்தார்கள்? இல்லை. தாயிடம் கேட்டார்கள்! தாய்ப்பாலை எப்போது நிறுத்தினாய், அம்மா? மாட்டுப்பாலை எந்த மாதத்தில் தொடங்கினாய்? எதிலே காய்ச்சினாய்? காய்ச்சிய பாலை எதிலே ஊற்றி வைத்தாய்? எவ்வளவு நேரம் இருந்தது? நோயுற்ற குழந்தையின் தாயையும் கேட்டார்கள். அதே வயதுள்ள நலமான குழந்தையின் தாயையும் கேட்டார்கள். இரண்டையும் ஒப்பு நோக்கினார்கள்.

விடை வந்தது. தாய்ப்பாலை மாட்டுப்பால் விரைவிலேயே மாற்றியிருந்தது. அந்தப் பால் பித்தளைப் பாத்திரத்திலே காய்ச்சப்பட்டு, அதிலேயே வைக்கப்பட்டிருந்தது. 1983ஆம் ஆண்டில் லான்செட் ஏட்டில் இதை வெளியிட்டனர்.

நூறு ஆண்டுகள் ஊரும் உறவும் எந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தினவோ, அதே தாயைச் சாட்சிக் கூண்டிலே ஏற்றி, அவள் சொன்னதைச் செவி கொடுத்துக் கேட்டு, எழுதிக் கொண்டார்கள். கொலையாளி அகப்பட்டான். அடுக்களைப் பரணிலே, பொன்போல் மின்னிக்கொண்டிருந்தான்!

*

செம்பும் துத்தநாகமும் கலந்ததே பித்தளை. செம்பிலே களிம்பு ஏறும் என்பது நமக்குத் தெரியாத செய்தியா? சைவ நூலோர் உயிரைப் பற்றிய மலத்துக்கே செம்பிலுறு களிம்பை உவமையாக்கினார்கள். புளிக்குழம்பைப் பித்தளையிலே வைக்காதே, தயிரை வைக்காதே, பச்சையாகக் களிம்பு ஏறும் என்று ஒவ்வொரு பாட்டியும் சொன்னாள். அதனால்தான் பாத்திரத்தின் உட்புறத்துக்கு வெள்ளீயம் பூசினார்கள். தெருவிலே ‘ஈயம் பூசுவது’ என்று குரல் கொடுத்து வருவார் ஒருவர். மரத்தடியிலே குழி தோண்டித் துருத்தி வைத்து, நெருப்பிலே பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் துணியால் தேய்ப்பார். உட்புறம் வெள்ளிபோல் ஒளிரும். அந்தத் தொழிலாளி செய்தது அழகு வேலையன்று. உயிர் காக்கும் வேலை. அந்தப் பூச்சு துலக்கத் துலக்கத் தேயும். தேய்ந்ததும் மீண்டும் பூச வேண்டும், காசு செலவாகும், நாள் தள்ளிப் போகும். அதற்குள் உட்புறத்திலே பித்தளை தலைகாட்டிவிடும்.

சரி, புளியும் தயிரும் ஆகாதென்று அறிந்தவர்கள் பாலை எப்படி வைத்தார்கள்? இங்கேதான் அறிவு பாதி வழியிலே நின்றுவிட்டது. பால் புளிப்பன்று, அதிலே பச்சை படர்வதில்லை, நிறம் மாறுவதில்லை. ஆகவே ஐயம் எழவில்லை. ஆனால் பாலிலே கேசின் என்னும் புரதம் இருக்கிறது. அது செம்பைக் கண்டால் இறுகப் பற்றிக் கொள்ளும். காய்ச்சிய சூட்டிலே, வைத்திருந்த நேரத்திலே, பாத்திரத்திலிருந்து செம்பு சிறிது சிறிதாகப் பாலுக்கு வரும். கேசின் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் சுமந்து நிற்கும். வளர்ந்தவர்களின் ஈரல், மிகுதிச் செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும். பச்சிளங் குழந்தையின் ஈரலுக்கு அந்த ஆற்றல் இன்னும் முதிரவில்லை. போதாக்குறைக்கு, கருவிலேயே சேர்த்துக்கொண்ட செம்பும் அதனிடம் இருக்கிறது. வேளைக்கு வேளை பால். வேளைக்கு வேளை செம்பு. தேங்கித் தேங்கி ஈரல் கல்லாயிற்று.

நோய் ஏன் வசதியுள்ள வீடுகளை நாடிற்று என்பதற்கும் இங்கே பெருமளவு விளக்கம் கிடைக்கிறது. மாடும் பித்தளையும் உள்ள வீட்டிலேதான் மாட்டுப்பால் காய்ச்சிப் பித்தளையில் வைப்பார்கள். வயலிலே நாற்று நட்டு, வரப்பிலே அமர்ந்து தன் பாலையே நெடுநாள் ஊட்டியவளுக்கும், மண்சட்டியிலே கஞ்சி காய்ச்சியவளுக்கும் அந்த வாய்ப்பே இல்லை. ‘தீட்டு’ என்று ஒதுக்கப்பட்ட குடிசையின் மண்சட்டி நஞ்சு தரவில்லை. ‘ஆசாரம்’ மிகுந்த அடுக்களையின் பித்தளை தந்தது! ஆனால் இதைச் சொல்லி மகிழ நமக்கு உரிமையில்லை. இறந்தவை குழந்தைகள். எந்தக் குலத்துத் தொட்டில் வெறுமையானாலும், வெறுமை வெறுமைதான்.

*

“இது பாரதத்தின் பூர்வவினை” என்று இன்னும் சொல்வோர் இருப்பின், அவர்களை ஆஸ்திரிய நாட்டுக்கு அழைத்துச் செல்வோம். அங்கே டைரோல் என்னும் மலைநாட்டுச் சிற்றூர்களிலே, 1900க்கும் 1974க்கும் இடையில், 138 குழந்தைகள் இதேபோன்ற ஈரல் நோயால் மாண்டன. 1996ஆம் ஆண்டில் முல்லர் முதலிய மருத்துவர்கள் பழைய பதிவுகளைத் துருவி இதனை வெளியிட்டனர். காரணம்? ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்திலே காய்ச்சிய பசும்பால்! அந்தப் பாத்திரங்கள் மறைந்தன, நோயும் மறைந்தது. டைரோல் தாய்க்கு நவக்கிரகம் தெரியாது. புத்திர தோஷம் தெரியாது. ஆனால் அவள் தொட்டிலும் வெறுமையாயிற்று. செம்புக்குச் சாதி தெரியாது, சமயம் தெரியாது, சாதகமும் தெரியாது.

அந்த ஆராய்ச்சியிலேயே இன்னொன்றும் புலப்பட்டது. ஒரே பாத்திரத்துப் பாலைக் குடித்த எல்லாக் குழந்தைகளும் இறக்கவில்லை. சில குடும்பங்களிலே வழிவழி வந்த ஒரு மென்மையும் சேர்ந்தபோதே செம்பு கொன்றது. பரம்பரைக்குரிய பங்கு இதுதான். செம்பு ஒன்றே காரணம் என்பதை, ஈரல் நோயியல் வல்லுநர் நாயக் போன்றோர் ஏற்காமல் வாதிட்டதும் உண்டு. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அறிவியலிலே ஐயம் எழுப்புவது துரோகமன்று. ஆயின் குடும்பத்தின் மென்மையை மாற்ற இயலாது. பாத்திரத்தை மாற்ற இயலும். அறிவுடையோன் மாற்றக்கூடியதை மாற்றுவான்.

மாற்றினார்கள். புனே வட்டாரத்திலே, குழந்தையின் பாலுக்குப் பித்தளை வேண்டாம் என்று மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். உடலிலே தேங்கிய செம்பை வெளியேற்றும் பெனிசிலமின் என்னும் மருந்தைத் தொடக்க நிலையிலேயே தந்து சில குழந்தைகளைக் காப்பாற்றிய செய்தி 1987இல் வெளிவந்தது. முற்றிய பின் அதுவும் பயன்படவில்லை. வருமுன் காப்பதே வழி என்பது உறுதியாயிற்று. இவர்களுக்கும் முன்னதாக, அறியாமலே தொண்டு செய்தவர் ஒருவர் உண்டு. பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டு புது எவர்சில்வரைத் தந்து சென்ற பாத்திர வியாபாரி! அவர் வணிகத்துக்கு வந்தார். தெருத்தெருவாக நஞ்சை வாங்கிக்கொண்டு போனார். 1990களுக்குப் பின் குலைக்கட்டி மருத்துவமனைகளிலே அரிய காட்சியாகிவிட்டது. எத்தனையோ நேர்த்திக்கடனுக்கு அசையாத நோய், ஒரு குண்டானை மாற்றியதும் ஓடிற்று!

*

இந்த வரலாற்றை இன்று ஏன் சொல்கிறோம்?

முதலாவது, பித்தளையும் செம்பும் ‘பாரம்பரியம்’ என்ற புது விளம்பரத்தோடு அடுக்களைக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. வளர்ந்தவர் செப்புக் குவளையிலே தண்ணீர் குடிப்பதும், பச்சிளங் குழந்தையின் பாலைப் பூச்சில்லாத பித்தளையிலே காய்ச்சி வைப்பதும் ஒன்றல்ல. பின்னது ஆபத்து. பாட்டி செய்தாள் என்பதற்காகச் செய்யாதீர். அந்தப் பாட்டி ஏன் தன் மகனுக்குக் குப்பன் என்று பெயரிட்டாள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாவது, காரணம் புரியாமல் அடிக்கடி நோயுறும் குழந்தைகள் இன்றும் இருக்கின்றன. இன்று வளவனூர்த் தாய்க்குப் புதுவை ஜிப்மர் அருகிலிருக்கிறது. எழும்பூரும் எட்டாத தொலைவன்று. ஆனால் மருத்துவமனை வாயிலை மிதித்ததும் விடை விழுந்துவிடாது. எந்த நாளில் காய்ச்சல் வந்தது, எத்தனை நாள் நின்றது, என்ன உண்டது, எந்தத் தண்ணீர், எந்தப் பாத்திரம், என்ன மருந்து, உடன்பிறந்தார்க்கு இருந்ததா என்று ஒரு குறிப்பேட்டிலே எழுதி எடுத்துச் செல்லுங்கள். எழுதத் தெரியாத தாய்க்கு, படித்த இளைஞர்களே, நீங்கள் எழுதிக் கொடுங்கள். மேடையிலே மூடநம்பிக்கையைச் சாடுவதைவிட அந்தக் குறிப்பேடு பெரிய தொண்டு. புனேயிலே புதிரை அவிழ்த்தது அத்தகைய குறிப்புகள்தாம்.

மூன்றாவது, அறியாத ஒன்றைக் கண்டால் “தெரியவில்லை” என்று சொல்லும் துணிவு வேண்டும். “தெரியவில்லை” என்றவன் தேடுவான். “தோஷம்” என்றவன் தேடமாட்டான். ‘விதி’ என்ற சொல்லும், ‘எல்லாம் பரம்பரை’ என்ற சொல்லும், ‘தாயின் கவனக்குறைவு’ என்ற சொல்லும் தேடலை அடைக்கும் தாழ்ப்பாள்கள்.

வளவனூர்ப் பக்கத்து அந்தக் கற்பனை வீட்டுக்கு மீண்டும் ஒருமுறை செல்வோம். தாய் தொட்டிலருகே அமர்ந்திருக்கிறாள். “இதுவும் தங்காதோ?” என்கிறாள். அவளுக்குத் தாயத்துத் தந்தவர் உண்டு. பழி தந்தவர் உண்டு. பரிவு தந்தவரும் உண்டு. “அம்மா, பாலை எதிலே காய்ச்சுகிறாய்?” என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை. அந்தக் கேள்வி பிறக்க நூறாண்டு ஆயிற்று. இன்று எந்தெந்த வீட்டில் எந்தெந்தக் கேள்வி கேட்கப்படாமல் கிடக்கிறதோ, அதைக் கேட்பதே நம் பணி. பழிப்பதை நிறுத்துவோம், கேட்கத் தொடங்குவோம்!